மண்ணுக்குள் காசு: கருவி சொல்வதும் சொல்லாததும்

திருக்கோவிலூர் வழியே தென்பெண்ணை ஆறு ஓடுகிறது. வெள்ளம் வடிந்த பிறகு அந்த ஆற்று மணலில் சிறு செப்புத் துண்டுகள் கிடைப்பதுண்டு. விரல் நகம் அளவில், நாற்கோண வடிவில், பச்சைக் களிம்பு ஏறிக் கிடக்கும். அறியாதவர் கையில் கிடைத்தால் பழைய தகரத் துண்டு என்று எறிந்துவிடுவார். வல்லுநர்கள் களிம்பை நீக்கிப் பார்த்தபோது, ஒரு பக்கத்தில் குதிரை ஒன்று நின்றது. மறுபக்கத்தில் மலையும் ஆறும் குறிகளாகத் தெரிந்தன. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியை ஆண்ட மலையமான் மரபினரின் காசுகள் அவை. வள்ளல் மலையமான் திருமுடிக்காரியைச் சங்க இலக்கியத்தில் படித்திருப்பீர்கள். அவன் நாட்டுக் காசுதான் மணலில் கிடக்கிறது.

திருக்கோவிலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சேர்ந்தது. விழுப்புரம் மாவட்டத்திலிருந்து 2019-ஆம் ஆண்டு நவம்பரில் பிரிக்கப்பட்டது இம்மாவட்டம். இதன் மேற்கே கல்வராயன் மலை நீண்டு கிடக்கிறது. கோமுகி ஆறும் மணிமுத்தாறும் அம்மலையில் பிறந்து சமவெளிக்கு வருகின்றன. பழமையான ஊர்களும் ஆற்றங்கரைகளும் நிறைந்த நிலம் இது.

இங்கே வாழும் மாணவர் ஒருவர் இன்று கைப்பேசியில் வெளிநாட்டு நிகழ்ச்சி ஒன்றைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வயல்வெளியில் ஐம்பது அறுபது பேர் நீண்ட கோலின் நுனியில் வட்டத் தட்டு பொருத்திய கருவியைத் தரைமேல் வீசி வீசி நடக்கிறார்கள். ‘கீங்’ என்று ஓசை கேட்டதும் குனிந்து தோண்டுகிறார்கள். யார் கையில் பழைய காசு மிகுதியாகக் கிடைக்கிறதோ அவருக்குப் பரிசு. நட்புமுறைப் போட்டிதான், சிரிப்பும் கைதட்டலுமாக நடக்கிறது. ‘நாமும் நம் ஊர் ஆற்றங்கரையில் இப்படி ஒரு போட்டி நடத்தினால் என்ன?’ என்று அந்த மாணவருக்குத் தோன்றாமல் இருக்குமா?

நியாயமான கேள்வி. இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, அது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பவற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

குண்டைத் தேடிய கருவி

மெட்டல் டிடெக்டர் எனப்படும் உலோகங்காட்டி காசு தேடுவதற்காகப் பிறந்ததன்று. 1881-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் எங்கே தங்கியிருக்கிறது என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல்தான். தொலைபேசியை உருவாக்கிய அலெக்சாண்டர் கிரகாம் பெல் உதவிக்கு வந்தார். கம்பிச்சுருள்களையும் தொலைபேசிக் குழலையும் இணைத்து, உலோகம் அருகில் வந்தால் ஒலி எழுப்பும் கருவி ஒன்றை அமைத்தார்.

சோதனைகளில் கருவி நன்றாகவே வேலை செய்தது. தலைவரின் உடல்மேல் நகர்த்தியபோதோ குண்டின் இடத்தைத் தெளிவாகக் காட்டவில்லை. ஓசை பரவலாகக் கேட்டது. அவர் படுத்திருந்த மெத்தையின் அடியில் எஃகுச் சுருள்வில்கள் இருந்தன. அதோடு, குண்டு வலப்பக்கம் இருப்பதாகவே தலைமை மருத்துவர் நம்பியதால் தேடலும் அந்தப் பக்கத்திலேயே நடந்தது. செப்டம்பர் 19-ஆம் நாள் கார்ஃபீல்டு இறந்தார். பிறகு உடலைச் சோதித்தபோது குண்டு இடப்பக்கத்தில் இருந்தது.

இக்கருவியைக் கையாளும் எவரும் மறக்கக் கூடாத பாடம் இது. கருவி உலோகத்தை உணரும். அது எந்த உலோகம், அங்கே ஏன் இருக்கிறது என்பவற்றை மனிதன்தான் அறிய வேண்டும்.

கருவிக்குள் நடப்பது என்ன?

1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இக்கருவியின் அடிப்படை. மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலத்தில் ஒரு கடத்தியை வைத்தால் அதில் மின்னோட்டம் தோன்றும். இதைப் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பீர்கள்.

உலோகங்காட்டியின் தட்டுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. ஒன்று அனுப்பும் சுருள். அதில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. காசு தேடும் கருவிகள் பலவற்றில் இதன் அதிர்வெண் நொடிக்கு 3,000 முதல் 30,000 வரை இருக்கும். இதனால் தட்டைச் சுற்றிலும், அதன் கீழே மண்ணுக்குள்ளும், நொடிக்குப் பல்லாயிரம் முறை திசை மாறும் காந்தப் புலம் உண்டாகிறது. மற்றொன்று வாங்கும் சுருள். முதல் சுருளின் புலம் இதைத் தூண்டாதவாறு இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி அமைத்திருப்பார்கள். ஆகவே உலோகம் இல்லாத இடத்தில் வாங்கும் சுருள் அமைதியாக இருக்கும்.

இப்போது மண்ணுக்குள் ஒரு செப்புக் காசு இருக்கிறது எனக் கொள்வோம். மாறும் காந்தப் புலம் அதன் ஊடே செல்கையில், காசின் பரப்பில் வட்ட வட்டமாக மின்னோட்டம் சுழல்கிறது. இதற்குச் சுழல் மின்னோட்டம் என்று பெயர். இந்த மின்னோட்டம் தனக்கென ஒரு சிறு காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அந்தச் சிறு புலம் வாங்கும் சுருளைத் தூண்ட, அங்கே நிலவிய சமநிலை குலைகிறது. காதில் ஓசை கேட்கிறது.

சுழல் மின்னோட்டத்தை வீட்டிலேயே கண்டு மகிழலாம். அலுமினியக் குழாய் ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, வலிமையான சிறு காந்தம் ஒன்றை அதற்குள் விடுங்கள். அலுமினியத்தைக் காந்தம் இழுப்பதில்லை. ஆயினும் காந்தம் தடதடவென்று விழாமல், யாரோ கையில் தாங்கிப் பிடிப்பது போல மெல்ல இறங்கும். குழாய்ச் சுவரில் எழும் சுழல் மின்னோட்டமே அதைத் தாங்கும் கை.

காசா, சோடா மூடியா?

எல்லா உலோகங்களும் ஒரே விதமாக விடை சொல்வதில்லை. செம்பின் மின்கடத்துதிறனை 100 என்று வைத்தால் வெள்ளி 105 அளவில் இருக்கும். தங்கம் 70 அளவிலும் அலுமினியம் 60-க்குச் சற்று மேலும் நிற்கும். ஈயம் 8 மட்டுமே. முன்பு நம் ரூபாய் நாணயங்களுக்குப் பயன்பட்ட செம்பு-நிக்கல் கலவை ஏறத்தாழ 5. நன்றாகக் கடத்தும் பொருளில் சுழல் மின்னோட்டம் நெடுநேரம் நீடிக்கும். மோசமாகக் கடத்துவதில் விரைவில் மடியும். திரும்பி வரும் சைகை எவ்வளவு பிந்துகிறது என்பதை அளந்து, கருவி உலோகத்தை ஊகிக்கிறது.

ஊகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். சைகையை முடிவு செய்வது உலோகம் மட்டுமன்று. பொருளின் பருமன், வடிவம், தடிமன், அது மண்ணில் படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்பன அனைத்தும் அதில் பங்கு கொள்கின்றன. அதனால் கசங்கிய அலுமினியத் தாள் மெல்லிய பொற்காசைப் போல ஒலிக்கும். மாத்திரை அட்டையும் சோடா மூடியும் காசு வேடம் போடும். கள்ளக்குறிச்சிப் பகுதியின் கரும்புத் தோட்டத்திலோ மரவள்ளிக் காட்டிலோ நடந்து பாருங்கள். மாட்டு லாடம், வண்டி ஆணி, கம்பித் துண்டு, மண்வெட்டியின் முறிந்த முனை ஆகியவையே பெரும்பாலும் உங்களை வரவேற்கும்.

செங்கத்தை அடுத்த ஆண்டிப்பட்டியில் பழந்தமிழ் எழுத்துப் பொறித்த ஈயக் காசுகள் புதையலாகக் கிடைத்தது ஆராய்ச்சியாளர் நன்கறிந்த செய்தி. ஈயம் மோசமான கடத்தி. அத்தகைய சிறு ஈயக் காசு தனியே மண்ணில் கிடந்தால் கருவிக்கு அது மிக மெல்லிய குரலில்தான் பேசும்.

அடுத்தது ஆழம். பலர் ஏமாறும் இடம் இதுதான். அனுப்பும் புலம் தொலைவு செல்லச் செல்லத் தேய்கிறது. காசிலிருந்து திரும்பும் புலமும் அதேபோல் தேய்கிறது. இரண்டு தேய்வும் பெருக்கிக்கொள்வதால், தட்டின் அகலத்தைவிடத் தொலைவு மிகும்போது, ஆழம் இரு மடங்கானால் சைகை ஏறத்தாழ 64-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கையில் பிடிக்கும் சாதாரணக் கருவி, ஒற்றைக் காசை ஒரு சாண் ஆழத்தில் உணர்ந்தாலே பெரிது. இருபது அடி ஆழத்தில் இருக்கும் தங்கக் குடத்தைக் காட்டும் கருவி என்று எவரேனும் விற்க வந்தால், அவர் தேடும் புதையல் உங்கள் பணப்பையில் இருக்கிறது என்று கொள்க.

மலையின் குறுக்கீடு

கல்வராயன் மலைப்பகுதியில் கருவிக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இம்மலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் பழம்பெரும் பாறையால் ஆனது. இப்பாறையில் மாக்னடைட் என்னும் காந்த இரும்புத் தாது சிறு மணிகளாகக் கலந்திருக்கும். இப்பகுதியைச் சூழ்ந்துள்ள கஞ்சமலை, தீர்த்தமலை, கவுத்திமலை ஆகியவற்றில் இத்தாது பட்டைபட்டையாகவே காணப்படுகிறது. பாறை சிதைந்து மண்ணாகும்போது அந்தக் கருமணிகள் மண்ணிலும் ஆற்று மணலிலும் சேர்ந்துவிடுகின்றன.

இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ஒரு காந்தத்தைப் பிளாஸ்டிக் பையில் இட்டு, காய்ந்த ஆற்று மணலில் இழுத்துப் பாருங்கள். பையின்மேல் கருமையான பொடி மீசைபோல் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பொடிதான் உலோகங்காட்டிக்கு இரைச்சல். மெத்தையின் எஃகு வில்கள் பெல்லின் காதை மறைத்தது போல, மண்ணின் காந்தத் தன்மை காசின் மெல்லிய குரலை மறைத்துவிடும். நல்ல கருவிகளில் மண்ணுக்கு ஏற்பச் சரிசெய்யும் திருகு இருப்பது இதனால்தான்.

இவற்றையெல்லாம் பொறுமையாலும் பயிற்சியாலும் ஓரளவு வெல்லலாம். எந்தப் பயிற்சியாலும் வெல்ல முடியாத குறை ஒன்று உண்டு. உலோகமல்லாத எதுவும் இக்கருவிக்கு இல்லாத பொருளே. காசைச் சுற்றியிருக்கும் பானை ஓடு, அடுப்புச் சாம்பல், மணி, எலும்பு, செங்கல் வரிசை எதுவும் அதன் காதில் விழாது. வட தமிழ்நாட்டு மலைகளில் கிடைக்கும் புதிய கற்காலத்து வழுவழுப்பான கற்கோடரிமேல் தட்டை வீசினாலும் அது வாய் திறக்காது. ஆனால் காசின் கதையில் பாதிக்கு மேல் எழுதப்பட்டிருப்பது அந்தப் பொருள்களில்தான்.

காசு எங்கே பேசுகிறது?

ஒரு காசைக் கையில் கொடுத்து, ‘இது என்ன சொல்கிறது?’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? உலோகம், எடை, சின்னம், எழுத்து ஆகியவற்றைச் சொல்லலாம். யார் வெளியிட்டது என்பதும் தெரியலாம். அது எப்போது புழங்கியது, யார் கையில் இருந்தது, ஏன் மண்ணுக்குள் போனது என்று கேட்டால் காசு மௌனமாகிவிடும். அந்தக் கேள்விகளுக்கு விடை சொல்வது காசு கிடந்த இடமே. எந்த மண்ணடுக்கில் கிடந்தது, எந்த வகைப் பானை ஓட்டுடன் கிடந்தது, தனியாகவா கூட்டமாகவா என்பவை தெரிந்தால்தான் அது சாட்சியாகும்.

வெள்ளத்தில் உருண்டு வந்த காசுக்கு அந்தச் சாட்சி முன்பே போய்விட்டது. ஆற்று மணலைச் சலித்தெடுத்த காசுகளிலிருந்து தமிழ்நாட்டு அறிஞர்கள் அரிய செய்திகளை உணர்ந்திருக்கிறார்கள் என்பது உண்மையே. கரூரில் அமராவதி ஆற்றில் கிடைத்த சங்ககாலச் சேரர் காசுகள் அதற்குச் சான்று. ஆயினும் அக்காசுகள் தம்மேல் பொறித்திருப்பதை மட்டுமே சொல்ல முடிந்தது. இன்னும் குலையாத அடுக்கில் கிடக்கும் காசை நாமே பிடுங்கி எடுத்தால், ஆற்று வெள்ளம் செய்த வேலையை நாமும் செய்தவர்கள் ஆவோம்.

இதற்குக் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே நல்ல ஒப்புமை உண்டு. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் 1981-ஆம் ஆண்டு, பாறைக் குகை ஒன்றில் தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டறியப்பட்டது. அதியமான் நெடுமான் அஞ்சியைச் சத்தியபுத்திரன் என்று அது குறிக்கிறது. அசோகனின் கல்வெட்டுகள் சோழர், பாண்டியர், கேரளபுத்திரருடன் சேர்த்துச் சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்பது அறிஞர்களிடையே நெடுநாளைய வழக்கு. ஜம்பையின் ஒற்றை வரி அதற்கு விடை தந்தது. பாறையைப் பெயர்த்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ள எவராலும் முடியவில்லை. அதனால் 2,000 ஆண்டுகளுக்குப் பிறகும் அது எழுதப்பட்ட இடத்திலேயே நின்று பேசியது. காசுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

தோண்டுவதை நிறுத்திய இருவர்

வெளிநாட்டுக் காசு தேடுவோர் அனைவரும் அழிப்பவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கேளுங்கள்.

1992-ஆம் ஆண்டு நவம்பரில், ஹாக்ஸ்ன் என்னும் ஊரில் உழவர் ஒருவரின் சுத்தியல் வயலில் தொலைந்தது. அதைத் தேட அவருடைய நண்பர் எரிக் லாஸ் உலோகங்காட்டியுடன் வந்தார். கிடைத்தவை ரோமானியப் பொன், வெள்ளிக் காசுகள். சிலவற்றை எடுத்ததுமே அவர் தோண்டுவதை நிறுத்திவிட்டுச் செய்தி அனுப்பினார். தொல்லியலார் வந்து முறைப்படி அகழ்ந்தபோது, ஏறத்தாழ 15,000 காசுகளோடு, அவற்றை வைத்திருந்த மரப்பெட்டியின் அமைப்பும் அதற்குள் பொருள்களை அடுக்கியிருந்த முறையும் தெரியவந்தன. மரம் மக்கிப் போயிருந்தது. அது இருந்த சுவடு மண்ணில் இருந்தது. அவசரக்காரர் கையில் அந்தச் சுவடு ஒரு நிமிடத்தில் அழிந்திருக்கும். தொலைந்த சுத்தியலும் கிடைத்தது. அதுவும் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது!

2010-ஆம் ஆண்டு ஏப்ரலில், ஃப்ரோம் என்னும் ஊருக்கு அருகே டேவ் கிரிஸ்ப் என்பவர் ஒரு பானையின் வாயைக் கண்டார். அவரும் அத்துடன் நிறுத்திக்கொண்டார். உள்ளே 52,503 ரோமானியக் காசுகள் இருந்தன. எடை ஏறத்தாழ 160 கிலோகிராம். தொல்லியலார் பானையைக் கவிழ்க்கவில்லை. அடுக்கடுக்காக எடுத்து, ஒவ்வோர் அடுக்கின் காசுகளையும் தனித்தனிப் பையில் இட்டார்கள். பிறகு ஒரு வியப்பு வெளிப்பட்டது. ஒரு குடும்பம் ஆண்டாண்டாகச் சேமித்த உண்டியல் என்றால், பழைய காசு அடியிலும் புதிய காசு மேலேயும் இருக்க வேண்டும் அல்லவா? இங்கே காலத்தால் பிந்திய காசுகளில் பெரும்பகுதி பானையின் கீழ்ப்பாதியில் கிடந்தது. ஆகவே அது உண்டியல் அன்று. எல்லாக் காசுகளும் ஒரே சமயத்தில் கொட்டப்பட்டவை என்ற முடிவு பிறந்தது. 52,503 காசுகளையும் ஒரே சாக்கில் அள்ளியிருந்தால் ஒரு காசுகூடக் குறைந்திருக்காது. இந்த உண்மை மட்டும் காணாமல் போயிருக்கும்.

நம் நாட்டுச் சட்டம்

இங்கிலாந்தில் நில உரிமையாளரின் இசைவோடு தேடலாம். புதையல் என்று கருதத்தக்கது கிடைத்தால் 14 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். நம் நாட்டில் நிலைமை வேறு. பாதுகாக்கப்பட்ட தொல்லிடங்களில் உரிமம் இன்றித் தோண்டுவது குற்றம். மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டமும் தமிழ்நாட்டின் 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்காகவே உள்ளன. 100 ஆண்டுகளுக்கு மேற்பட்ட காசு தொல்பொருள் என்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. ஆகவே பழைய ஊர் மேட்டிலோ ஆற்றங்கரையிலோ காசு தோண்டும் போட்டி நடத்துவது நமக்கு ஏற்றதன்று.

தேடாமலே கிடைத்தால் என்ன செய்வது? ஏர் உழும்போதும், கிணறு வெட்டும்போதும், வீட்டுக்கு வாணம் தோண்டும்போதும் காசுப்பானைகள் கிடைப்பது நம் நாட்டில் புதிதன்று. திருக்கோவிலூரில் ரோமானியப் பொற்காசுப் புதையலே கிடைத்திருக்கிறது. இத்தகைய வேளையில் மக்கள் அஞ்சுகிறார்கள். ‘சொன்னால் அரசாங்கம் எடுத்துக்கொண்டு போய்விடும், நமக்குக் கிடைப்பது போலீசு விசாரணைதான்’ என்று எண்ணி, பொன்னை உருக்கிவிடுகிறார்கள், செம்பைப் பழைய பாத்திரக் கடையில் போட்டுவிடுகிறார்கள்.

1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் சொல்வது அதுவன்று. மண்ணில் மறைந்து கிடந்த, 10 ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும், என்ன கிடைத்தது, எங்கே, எந்த நாளில் என்பதை எழுத்து மூலம் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நடைமுறையில் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொன்னால் வழி பிறக்கும். விசாரணைக்குப் பின் அது உரியவர் இல்லாத புதையல் என்று முடிவானால், கண்டவருக்கும் நிலத்துக்காரருக்கும் வேறு உடன்பாடு இல்லாதபோது, நாலில் மூன்று பங்கு கண்டவருக்கு, ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு. அரசு அதை எடுத்துக்கொள்வதானால் உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். உலோகம் 1,000 ரூபாய் பெறும் என்றால் தொகை 1,200 ரூபாய். மறைத்தவருக்கோ பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையும் நேரலாம். நேர்மையாகச் சொல்பவரின் பக்கம்தான் சட்டம் நிற்கிறது என்பதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நீங்கள் எடுத்துச் சொல்லலாம்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். கிடைத்த காசைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம். பளபளப்பு வரும், எழுத்து போய்விடும்.

நாம் நடத்தக்கூடிய போட்டி

அப்படியானால் அந்த மாணவரின் ஆசை வீண்தானா? இல்லை. வெளிநாட்டுச் சங்கங்கள் பலவும் தாமே காசுகளைப் புதைத்து வைத்து, பிறகு உறுப்பினர்களைத் தேடச் சொல்லும் போட்டிகளை நடத்துகின்றன. அதைச் சற்றே மாற்றினால் நம் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு ஏற்ற அருமையான போட்டி கிடைக்கும்.

பள்ளித் திடலில் இருக்கும் தரையைத் தொடாமல், மணலை வெளியிலிருந்து கொண்டுவந்து மூன்று பாத்திகள் அமையுங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மீட்டர் நீளமும் அகலமும், ஒரு சாண் உயரமும் இருந்தால் போதும். பாத்தியின்மேல் கயிறு கட்டிச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்றைய நாணயங்கள் இருபதை ஒவ்வொரு பாத்திக்கும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றிலும் அதே நாணயங்கள், அதே ஆண்டுகள். துருப்பிடிக்காத எஃகில் ஆன ரூபாய் நாணயம், பழைய செம்பு-நிக்கல் நாணயம், வீட்டுப் பெட்டியில் கிடக்கும் அலுமினியப் பத்துப் பைசா என்று கலந்திருந்தால் நல்லது. எஃகு நாணயத்தைக் காந்தம் இழுக்கும். மற்ற இரண்டையும் இழுக்காது. நான்கைந்து ஆணிகளையும் சோடா மூடிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி ஆசிரியர், மாணவர் காணாதபோது மூன்று கதைகளைப் புதைக்க வேண்டும். முதல் பாத்தியில் ஒருவர் பணப்பையை நழுவவிட்டார். காசுகள் ஒரே மட்டத்தில், ஒரே மூலையில் சிதறிக் கிடக்கும். இரண்டாவதில் ஒருவர் பல ஆண்டுகளாக மண்கலயத்தில் சேமித்தார். கலயத்துக்குள் பழைய ஆண்டு அடியிலும் புதிய ஆண்டு மேலேயும் இருக்கும். மூன்றாவதில் வெள்ளம் வந்தது. காசுகள் எல்லா ஆழங்களிலும், எல்லா ஆண்டுகளும் கலந்து, ஓடுகளோடு கிடக்கும்.

மூன்று அணிகள். அணிக்கொரு பாத்தி. உலோகங்காட்டி இருந்தால் அதைக் கொண்டும், இல்லாவிட்டால் கரண்டி, தூரிகை, சல்லடை கொண்டும் தேடலாம். மதிப்பெண் இவ்வாறு இருக்கட்டும். காசு ஒன்றைக் கண்டால் 1. அதன் கட்டம், ஆழம், அருகில் இருந்த பொருள் ஆகியவற்றைத் தாளில் குறித்தால் மேலும் 3. தோண்டுமுன் அது என்ன உலோகம் என்று சரியாகச் சொன்னால் 2. குறிக்காமல் பிடுங்கினால் 2 குறையும். இறுதியில், தம் வரைபடத்தைக் காட்டி, ‘இங்கே நடந்தது இதுதான்’ என்று கதையைச் சரியாகச் சொல்லும் அணிக்கு 20.

போட்டி முடிந்ததும் மூன்று அணியின் காசுகளையும் மூன்று தட்டுகளில் வைத்துப் பாருங்கள். மூன்று தட்டும் ஒன்று போலவே இருக்கும். தட்டைப் பார்த்து எந்தக் கதை எந்தத் தட்டினுடையது என்று எவராலும் சொல்ல முடியாது. வரைபடத்தைப் பார்த்தால் சிறுவனும் சொல்லிவிடுவான். அவசரப்பட்டு எல்லாவற்றையும் முதலில் தோண்டி முடித்த அணியின் கையில் இருபது காசு இருக்கும், கதை இருக்காது. இந்த ஏமாற்றம் பாத்தி மணலில் நேர்ந்தால் கேடில்லை. மறுநாள் மீண்டும் புதைத்து ஆடலாம். தென்பெண்ணைக் கரையில் நேர்ந்தால் மறு ஆட்டம் கிடையாது.

ஆகவே, அடுத்த மழைக்குப் பின் வயல் வரப்பிலோ ஆற்றோரத்திலோ பச்சைக் களிம்பேறிய சிறு துண்டு உங்கள் கண்ணில் பட்டால் சற்று நில்லுங்கள். குனிந்து எடுக்குமுன் சுற்றிலும் பாருங்கள். பானை ஓடு உண்டா? சாம்பல் நிற மண் உண்டா? பக்கத்தில் இன்னொரு துண்டு உண்டா? நின்றபடியே ஒரு படம் எடுத்து, அருகிலுள்ள மரத்திலிருந்தோ கிணற்றிலிருந்தோ எத்தனை அடி என்று குறித்துக்கொண்டு, ஊர் அலுவலருக்கோ உங்கள் வரலாற்று ஆசிரியருக்கோ சொல்லுங்கள். மலையமான் நாட்டுக் காசு 2,000 ஆண்டுகள் காத்திருந்தது. நீங்கள் குறிப்பெடுக்கும் ஐந்து நிமிடமும் அது காத்திருக்கும்.